காத்திருப்புக்குக் கூலி யார் தருவது?

அமெரிக்க வரைபடத்தின் வடகிழக்கு மூலையில், கனடாவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும் மாநிலம் மேய்ன். பரப்பில் தமிழ்நாட்டின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. மக்களோ 2020 கணக்கெடுப்பின்படி 13 லட்சத்து 62 ஆயிரம் பேர்தான்; மதுரையும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். பத்தில் ஆறு பேர் கிராமப்புறத்தில் வசிக்கிறார்கள். வயதைப் பொறுத்தவரை அமெரிக்காவிலேயே மூத்த மாநிலமும் இதுதான். மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 45 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

அதன் வடகோடியில் அரூஸ்டுக் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. கனெக்டிகட் என்ற முழு மாநிலத்தைவிடப் பெரிதான அந்தக் கவுண்டியில் இருப்பவர்கள் சுமார் 67 ஆயிரம் பேர். உருளைக்கிழங்கு வயல், காடு, மறுபடியும் காடு. கனடா எல்லையை ஒட்டிய ஃபோர்ட் கென்ட் ஊரில் ஒரு சிறிய மருத்துவமனை உண்டு. ஆனால் மூளையில் ரத்தக்கசிவு போன்ற பெரிய சிக்கல் வந்தால் தெற்கே பேங்கர் நகரத்துக்கு அனுப்பியாக வேண்டும். 300 கிலோமீட்டர். இன்னும் பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் போர்ட்லண்ட்; அது 500. குளிர்காலத்தில் சாலையெல்லாம் பனி. மற்ற மாதங்களில் மூஸ் என்னும் ராட்சத மான் எப்போது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட வடக்கத்தி ஊர் ஒன்றில் ஒரே ஒரு ஆம்புலன்ஸ்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு பேங்கருக்குக் கிளம்புகிறது. போய், ஒப்படைத்து, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துத் திரும்ப மாலை 5 ஆகிவிடும். அந்த 8 மணி நேரமும் ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் பக்கத்து ஊர் வண்டிதான் வர வேண்டும். பக்கத்து ஊர் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அந்த வண்டியும் வேறொரு நோயாளியோடு பேங்கர் சாலையில் போய்க்கொண்டிருக்கலாம்.

2022-இல் மேய்ன் சட்டமன்றம் தன் அவசர மருத்துவச் சேவையை ஆராய ஒரு சிறப்பு ஆணையத்தை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த அறிக்கை சுற்றி வளைக்கவில்லை. சேவை பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது, சில இடங்களில் விழுந்தேவிட்டது என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். நோயாளிகளை ஏற்றிச் செல்லும் அமைப்புகளுக்கு ஆண்டுக்கு 7 கோடி டாலர் வீதம் 5 ஆண்டுகள் உதவ வேண்டும், அதில் இரண்டரைக் கோடியை உடனடியாக மூடப்படும் அபாயத்தில் இருப்பவற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் முதன்மைப் பரிந்துரை.

இன்னும் கொஞ்சம் வண்டி வாங்கினால் போதாதா, இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் போதாதா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வேகத்தைப் பற்றி ஆய்வுகள் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை.

‘கோல்டன் ஹவர்’ என்ற சொல் இன்று நம்மூர் மருத்துவமனை விளம்பரப் பலகைகள் வரைக்கும் வந்துவிட்டது. அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் அறுவை மேசையில் சேர்த்துவிட்டால் பிழைப்பார் என்பது அதன் சாரம். அதைப் புகழ்பெறச் செய்தவர் பால்டிமோரின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆர். ஆடம்ஸ் கௌலி. 2001-இல் இரண்டு ஆய்வாளர்கள், இந்த 60 நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார்கள். ஒரு கட்டுரை இன்னொன்றைச் சுட்டியது. அது வேறொன்றைச் சுட்டியது. கடைசிவரை போய்ப் பார்த்தால் அந்த எண்ணைத் தாங்கும் உறுதியான தரவு எதுவும் இல்லை. பின்னர் 2010-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பலத்த காயமடைந்த 3,656 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. ஆம்புலன்ஸ் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் இறப்புக்கும் தொடர்பு இருப்பதாக அதிலும் தெரியவில்லை.

அப்படியென்றால் நிதானமாகவே போகலாமா என்று கேட்கக் கூடாது. இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு பொறி இருக்கிறது. மிக மோசமான நிலையில் இருப்பவரைப் பார்த்ததும் எல்லோரும் அலறியடித்துக்கொண்டு ஏற்றிப் போவார்கள்; காலில் எலும்பு முறிந்தவருக்கு நிதானமாகக் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். அதனால் வேகமாகப் போனவர்களில் சாவு கூடுதலாகவும், மெதுவாகப் போனவர்களில் குறைவாகவும் தெரியும். வண்டி வரும் முன்பே சாலையோரத்தில் இறந்துபோனவர் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. ஆகவே நேரம் முக்கியமில்லை என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. எல்லா நோயாளிக்கும் ஒரே கடிகாரம் ஓடவில்லை என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு ஓடுவது ஒரு கடிகாரம். அவருக்கு முதலில் வேண்டியது காயத்தை அழுத்திப் பிடிக்கும் கை, கை கால் என்றால் இறுக்கிக் கட்டும் பட்டை. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான மருந்தை 3 மணி நேரத்துக்குள் ஏற்றினால் இறப்பு குறைகிறது என்று 20 ஆயிரம் நோயாளிகளைக் கொண்டு 40 நாடுகளில் நடந்த சோதனை காட்டியது; அதில் இந்திய மருத்துவமனைகளும் உண்டு. பக்கவாதத்துக்கு வேறு கடிகாரம். மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. மாரடைப்புக்கு இன்னொன்று. ரத்தக்குழாயை பலூனால் திறக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க முடியாது என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை இருக்கும் இடத்திலேயே போட்டுவிடுவதுதான் நல்லது. ஃபோர்ட் கென்ட் போன்ற ஊருக்கு இது பெரிய செய்தி. அங்கே நோயாளியின் தலைவிதியைத் தீர்மானிப்பது டிரைவரின் வலது கால் அல்ல. ஈசிஜி தாளைப் படித்து ‘இவருக்கு இங்கேயே ஊசி’ என்று முடிவெடுக்கத் தெரிந்த ஆள்.

இதயம் நின்றுபோவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தம் தடைபடுகிறது, ஆள் பேசிக்கொண்டே இருக்கலாம். இதயம் நின்றவர் அப்படியே சரிந்து விழுவார். நெஞ்சை அழுத்திவிடாமல், மின்னதிர்ச்சி கொடுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. 2015-ஆம் ஆண்டின் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின்படி, அழைத்ததிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர நாடு முழுக்கச் சராசரியாக 7 நிமிடம்; கிராமப்புறத்தில் 14 நிமிடத்துக்கு மேல். கிராமத்து அழைப்புகளில் பத்தில் ஒன்று ஏறத்தாழ அரை மணி நேரம் காத்திருந்தது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேய்ன் காட்டோர வீட்டில் இதயம் நின்றவருக்கு, நாட்டிலேயே சிறந்த ஆம்புலன்ஸை அனுப்பினாலும் அது வந்து சேரும்போது கணக்கு முடிந்திருக்கும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு இதில் ஒரு மைல்கல். 17 நகரங்கள், 5,638 நோயாளிகள். இதய நிறுத்தத்துக்கு மின்னதிர்ச்சி விரைவாகக் கிடைக்கும் ஏற்பாடு அங்கே ஏற்கெனவே இருந்தது. அதன்மேல், தொண்டைக்குள் குழாய் செலுத்தவும் நரம்பில் மருந்து ஏற்றவும் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளைச் சேர்த்தார்கள். செலவும் உழைப்பும் கொஞ்சநஞ்சமல்ல. உயிரோடு வீடு திரும்பியோர் முன்பு 5.0 விழுக்காடு, பின்பு 5.1. 2004-இல் வெளியான இந்த முடிவு பலருக்குக் கசந்தது. உண்மையில் வித்தியாசம் உண்டாக்கியவை மூன்று: விழுவதை யாராவது பார்த்திருப்பது, பார்த்தவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குவது, 8 நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி கிடைப்பது. முதலிரண்டுக்கும் ஆம்புலன்ஸே தேவையில்லை. சுவீடனில் 30,381 பேரை வைத்துப் பார்த்த ஆய்வும் இதையே சொன்னது. ஆம்புலன்ஸ் வரும் முன் யாரோ ஒருவர் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை (சி.பி.ஆர்.) செய்யப் பெற்றவர்களில் 10.5 விழுக்காட்டினர் 30 நாள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அது கிடைக்காதவர்களில் 4 விழுக்காட்டினர். சுவீடனில் டிரோன் வழியாக, மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டர் பெட்டியை வீட்டு வாசலிலேயே இறக்கும் முயற்சியும் நடக்கிறது. 2021 டிசம்பரில் 71 வயதுக்காரர் ஒருவர் அப்படி வந்த பெட்டியின் உதவியோடு பிழைத்தார்.

இதைப் படித்துவிட்டு, உயர்பயிற்சி பெற்ற பாராமெடிக் எதற்கு என்று சிக்கனம் பேசக் கிளம்புவோரும் உண்டு. அதே ஒன்டாரியோ குழு மூச்சுத்திணறலோடு வந்த நோயாளிகளையும் ஆராய்ந்தது. அங்கே கூடுதல் பயிற்சியால் இறப்பு 14.3 விழுக்காட்டிலிருந்து 12.4-க்கு இறங்கியது. மூச்சுக்குத் தவிக்கும் முதியவரை ஒன்றரை மணி நேரம் வண்டியில் வைத்துக்கொண்டு போக வேண்டிய ஊரில் அந்த இறக்கம் பெரிது.

இங்கேதான் கிராமப்புறத்துக்கே உரிய ஒரு முரண் தலைகாட்டுகிறது. நகரத்தில் நோயாளி வண்டியில் இருப்பது பத்து நிமிடம். அங்கே பாராமெடிக்குகள் தாராளமாக இருக்கிறார்கள். கிராமத்தில் நோயாளி மணிக்கணக்கில் வண்டியில் இருக்கிறார். அங்கே இருப்பது பெரும்பாலும் 150 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் படித்த, இ.எம்.டி. எனப்படும் அடிப்படை நிலை அவசர மருத்துவ ஊழியர் மட்டும். திறமை அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் திறமை குறைவு. சரி, ஒரு பாராமெடிக்கை அங்கேயே அமர்த்திவிடலாம் என்றால், ஆண்டுக்குச் சில நூறு அழைப்பே வருகிற ஊரில் அவர் குழந்தையின் தொண்டையில் குழாய் செலுத்தும் வாய்ப்பு பல ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். கற்ற வித்தை துருப்பிடிக்கும். அவரை அவ்வப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கலாம். அந்த நாட்களில் ஊருக்கு யார் காவல்?

அடுத்த கேள்வி, ஒரு சேவை நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்து அளப்பது? ‘எங்கள் சராசரி 9 நிமிடம்’ என்று ஒரு நகராட்சி சொன்னால் உடனே கேட்க வேண்டியது, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதுதான். தொலைபேசி மணி அடித்தபோதா, தகவல் ஆம்புலன்ஸுக்குப் போனபோதா, சக்கரம் உருண்டபோதா? சம்பள ஊழியர்கள் நிலையத்திலேயே இருந்தால் இந்த மூன்றுக்கும் இடையில் ஒன்றிரண்டு நிமிடம்தான். தன்னார்வலர் சேவை அப்படியல்ல. பேஜர் அலறும்; வயலில் டிராக்டரை நிறுத்த வேண்டும்; வீட்டுக்கோ நிலையத்துக்கோ காரில் போக வேண்டும்; கூட வர வேண்டிய இன்னொருவர் வரும்வரை நிற்க வேண்டும். வண்டி நகரும் முன்பே பத்து நிமிடம் கரைந்துவிடும். சராசரியும் ஏமாற்றும். பாதி அழைப்புகள் ஊருக்குள்ளிருந்து வந்து, வண்டி 4 நிமிடத்தில் சேர்ந்திருந்தால், காட்டுக்குள்ளிருந்து வந்த 35 நிமிட அழைப்பு அதில் மறைந்துபோகும். அதனால்தான் இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் சராசரியைக் கேட்பதில்லை. பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர்ந்தது என்று கேட்கிறார்கள்.

எண்ணிக்கை சிறிதாக இருப்பது இன்னொரு தொல்லை. ஓர் ஊரில் ஆண்டுக்கு மூன்று பேருக்கு இதயம் நிற்கிறது, அதில் ஒருவர் பிழைக்கிறார் என்றால் வெற்றி விகிதம் 33 விழுக்காடு. உலகத் தரத்தையே மிஞ்சியது. அடுத்த ஆண்டு ஒருவரும் பிழைக்கவில்லை, விகிதம் பூஜ்யம். சேவை சீரழிந்துவிட்டதா? ஒன்றுமே மாறியிருக்காது. பல ஆண்டு, பல ஊர்த் தரவுகளைச் சேர்த்தால்தான் இதில் ஏதாவது பொருள் கிடைக்கும். அதற்கு எல்லோரும் ஒரே மாதிரி எழுதிவைக்க வேண்டும். 1990-இல் நார்வேயின் உட்ஸ்டைன் மடத்தில் கூடிய நிபுணர்கள் இதய நிறுத்தத்துக்கு அப்படியொரு பொதுப் படிவத்தை வகுக்கத் தொடங்கினார்கள். இன்றும் உலகம் முழுக்க அந்தப் பெயரிலேயே அது புழங்குகிறது.

வண்டியின் நேரத்தை அளப்பதை விட்டுவிட்டு, வண்டி எட்டாத இடம் எது என்று அளந்தவர்களும் உண்டு. அந்த வேலையைச் செய்தது மேய்னிலேயே இருக்கும் கிராமப்புற நல ஆய்வு மையம். தெற்கு மேய்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து 25 நிமிட ஓட்டத்துக்கு அப்பால் இருக்கும் பகுதிகளை ‘ஆம்புலன்ஸ் பாலைவனம்’ என்று பெயரிட்டு 41 மாநிலங்களுக்கு வரைபடம் போட்டார்கள். 2023-இல் வந்த அந்த அறிக்கையின்படி 45 லட்சம் அமெரிக்கர்கள் அத்தகைய இடங்களில் வசிக்கிறார்கள். அவர்களில் 23 லட்சம் பேர் கிராமப்புறக் கவுண்டிகளில். அந்த வரைபடத்திலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நிலையத்தில் வண்டியும் ஆளும் இருந்தால்தான் அந்த 25 நிமிடம். வண்டி பேங்கர் போயிருந்தால், அல்லது இரவுப் பணிக்கு ஆள் கிடைக்காமல் ஷெட் பூட்டியிருந்தால், வரைபடத்தில் இல்லாத பாலைவனம் ஒன்று அன்றைக்கு முளைக்கிறது.

ஆக, எப்படிப் பார்த்தாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ஷெட்டில் தயாராக ஓர் ஆள் இருக்கிறாரா? அவருக்கு யார் சம்பளம் தருவது?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். வண்டியில் எப்போதும் இருவர் வேண்டும். ஆக 17,520 மணி நேர வேலை. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்பவர் ஆண்டுக்கு 2,080 மணி நேரம் தருவார். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ எட்டரைப் பேர் வருகிறது. விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஒன்பது பத்துப் பேர் இல்லாமல் ஒரே ஒரு வண்டியை 24 மணி நேரமும் தயாராக வைத்திருக்க முடியாது. மணிக்கு 20 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் சம்பளம் மட்டுமே மூன்றரை லட்சம் டாலர். அந்த ஊரில் ஆண்டுக்கு 300 அழைப்புதான் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் சம்பளச் செலவு மட்டும் 1,168 டாலர் விழுகிறது. வண்டி, எரிபொருள், மருந்து, காப்பீடு எல்லாம் தனி. இதே வண்டி நகரத்தில் 3,000 அழைப்புக்கு ஓடினால் அந்தச் சுமை பத்தில் ஒன்றாகிவிடும்.

இந்தச் செலவு எப்படி ஈடுகட்டப்படுகிறது? அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால் ஒரு தொகையும் மைலுக்கு ஒரு தொகையும் தரும். ஏற்றிச் சென்றால்தான் தரும். சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கு வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றி எழுப்பி உட்கார வைத்துவிட்டு வந்தால் பொதுவாகப் பணம் இல்லை. அதே ஆளைத் தேவையில்லாமல் 60 கிலோமீட்டர் கொண்டுபோய் அவசரப் பிரிவில் இறக்கினால் பணம் உண்டு. வயதானவர்கள் நிறைந்த மேய்னில் நோயாளிகளில் பெரும்பாலோர் மெடிகேர்காரர்களாக இருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த விதியைத் தளர்த்திப் பார்க்க 2021-இல் ஒரு தேசிய முன்னோட்டம் தொடங்கினார்கள். அந்த இடத்திலேயே சிகிச்சை கொடுத்தாலும் பணம், அவசரப் பிரிவுக்குப் பதில் வேறு கிளினிக்குக்குக் கொண்டுபோனாலும் பணம். சேர்ந்தவர்கள் குறைவு என்று சொல்லி 2023 முடிவோடு அதை முன்கூட்டியே மூடிவிட்டார்கள்.

தீயணைப்பு நிலையத்தை எண்ணிப் பாருங்கள். இந்த ஆண்டு எத்தனை வீடு எரிந்தது, அதற்குத் தகுந்தாற்போல் சம்பளம் வாங்கிக்கொள் என்று எந்த ஊரும் சொல்வதில்லை. தீ பிடிக்காத நாளுக்கும் சேர்த்துத்தான் சம்பளம். ஆம்புலன்ஸுக்கு மட்டும் சவாரிக் கணக்கு. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையில் எத்தனையோ குறை சொல்லலாம், ஆனால் இந்தத் தவறு அதில் இல்லை: நோயாளி பில் கட்டுவதில்லை, வண்டி நிற்கும் நேரத்துக்கும் சேர்த்து அரசு செலவழிக்கிறது.

அமெரிக்கா இந்தச் சவாரிக் கணக்கில் போய் மாட்டிக்கொண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களின் நடுவில் அந்த நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் சவ அடக்க நிறுவனத்தார். காரணம் எளிது: ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீளமான கார் ஊரில் அவர்களிடம்தான் இருந்தது. 1966-இல் தேசிய அறிவியல் கழகத்தின் வெள்ளை அறிக்கை ஒன்று, விபத்துச் சாவை நவீன சமூகம் கண்டுகொள்ளாத நோய் என்று வருணித்து எல்லோரையும் உலுக்கியது. அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க்கில், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ், இன்றைய பாராமெடிக் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி காட்டியது. 1973-இல் ஒன்றிய அரசு சட்டம் போட்டுப் பணத்தை இறக்கியது. வட்டார அளவில் ஒருங்கிணைந்த சேவைகள் முளைத்தன. 1981-இல் ரீகன் அரசு அந்த நிதியை மற்றவற்றோடு கலந்து மாநிலங்களிடம் தள்ளிவிட்டது. மாநிலங்கள் ஊர்களிடம் தள்ளின. ஊர்கள் தன்னார்வலர்களிடம் தள்ளின.

தன்னார்வலர்களின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகளாக கிராமப்புற மேய்னில் காத்திருப்புக்கான கூலியைக் கொடுத்துவந்தவர்கள் அவர்கள்தான், தங்கள் இரவுகளாக. கடைக்காரர், பள்ளி ஆசிரியை, மரம் வெட்டுபவர். ஊரிலேயே வேலை இருந்தவரை பகலிலும் பேஜருக்கு ஓட முடிந்தது. மில்லினாக்கெட், பக்ஸ்போர்ட் போன்ற ஊர்களின் காகித ஆலைகள் 2008-க்கும் 2014-க்கும் இடையே மூடின. இளைஞர்கள் வேலை தேடித் தெற்கே போனார்கள். இருப்பவர்களும் ஒரு மணி நேரம் காரோட்டி வேறு ஊரில் வேலை பார்க்கிறார்கள். பயிற்சியும் தேர்வும் புதுப்பித்தலும் ஆண்டுக்கு ஆண்டு கூடின, அது தேவையும்கூட. மிஞ்சியவர்களுக்கு வயதாகிறது. ஊர் வரவு-செலவில் ஒருநாளும் ஏறாத உழைப்பு என்பதால், அது குறைந்துகொண்டே வந்தபோது யார் கண்ணிலும் படவில்லை. ஒருநாள் சேவை கைவிரித்தது. அப்போதுதான் விலை என்னவென்று தெரிந்தது.

இதற்கு மேய்ன் செய்து பார்க்கும் வழிகளில் எனக்கு மிகவும் பொருள் உள்ளதாகப் படுவது, மிகவும் ஆரவாரமற்ற ஒன்று. வெளியிலிருந்து அனுபவசாலிகள் குழு ஓர் ஊருக்கு வருகிறது. அங்கே எத்தனை அழைப்பு, யார் போகிறார்கள், இலவசமாகக் கிடைக்கும் உழைப்புக்கு விலை போட்டால் உண்மைச் செலவு எவ்வளவு என்று கணக்கிடுகிறது. பிறகு ஊரார் முன் வாய்ப்புகளை வைக்கிறது: சம்பளத்துக்கு ஆள் வைத்தால் வரி இவ்வளவு கூடும், பக்கத்து நான்கு ஊரோடு சேர்ந்து ஒரே சேவை நடத்தினால் இவ்வளவு, ஆனால் வண்டி உங்கள் ஊரில் நிற்காது, ஒன்றும் செய்யாவிட்டால் காத்திருக்கும் நேரம் இவ்வளவு. முடிவை ஊர்ப் பொதுக்கூட்டம் எடுக்கிறது. ஊர்க்காரர்கள் வாக்களித்து வரி விதித்துக்கொள்ளும் பழக்கம் மேய்ன் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் நூற்றாண்டுகள் பழையது. ஊர்ப் பெருமை இங்கே பெரிய தடை. வண்டியின் பக்கவாட்டில் தன் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும் என்பதை மனிதர்கள் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை.

அழைப்பே வராத நேரத்தில் பாராமெடிக்கை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது இன்னொரு வழி. 2012-லிருந்து மேய்னில் இதற்கான முன்னோட்டங்கள் நடந்தன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவரைப் போய்ப் பார்ப்பது, மருந்துப் பெட்டியைச் சரிபார்ப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது. ஜாக்மன் என்ற கியூபெக் எல்லையோரச் சிற்றூர் இதில் ஒரு படி மேலே போயிற்று. அங்கே 24 மணி நேர அவசரச் சிகிச்சை 2017-இல் நின்றுபோனது. அடுத்த மருத்துவமனைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளை ஊரின் கிளினிக்கோடு இணைத்து, இரவில் வருபவரை அவர்கள் பார்க்க, தொலைவிலிருக்கும் அவசரச் சிகிச்சை மருத்துவர் வீடியோவில் வழிகாட்டும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். இதனால் ஒரே கல்லில் இரண்டு காய் விழுகிறது: நோயாளி 160 கிலோமீட்டர் போய்வர வேண்டியதில்லை, பாராமெடிக்கின் கை தினமும் பழகுகிறது, வித்தை துருப்பிடிப்பதில்லை. சிக்கல் பழையதுதான். யாரையும் எங்கும் ஏற்றிச் செல்லாததால் சவாரிக் கணக்கில் இதற்கு வரவு இல்லை.

ஹெலிகாப்டர்? 1998-லிருந்து லைஃப்ஃபிளைட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு மாநிலம் முழுக்கப் பறக்கிறது. தூரத்து ஊர்களுக்கு அது பெரும் துணை. ஆனால் உறைபனி மூட்டத்திலும் அடர்ந்த மூடுபனியிலும் பறக்க முடியாது. மேய்னில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பாலமில்லாத தீவுகளில் நிலைமை இன்னும் வேறு. ஒரு தொண்டு அமைப்பின் சன்பீம் என்ற கப்பல் செவிலியரையும் வீடியோ மருத்துவத்தையும் சுமந்துகொண்டு தீவு தீவாகப் போகிறது.

காத்திருப்புக்கும் கூலி வேண்டும் என்ற உண்மை மருத்துவமனைகளைப் பொறுத்தவரை எப்போதோ ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதைத்தான் நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். 1997-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தொலைதூரச் சிறு மருத்துவமனைகளுக்குத் தனி வகை ஒன்றை உருவாக்கியது. 25 படுக்கைக்கு மிகாத அவற்றுக்கு நோயாளி எண்ணிக்கைப்படி அல்லாமல் ஆகும் செலவின்படி மெடிகேர் பணம் தருகிறது. படுக்கை காலியாக இருப்பதும் சேவைதான் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆம்புலன்ஸுக்கு அந்தச் சலுகை, அத்தகைய மருத்துவமனையே அதை நடத்தி, சுற்றிலும் 35 மைலுக்குள் வேறு ஆம்புலன்ஸ் இல்லாதபோது மட்டும்தான். படுக்கைக்குப் பொருந்தும் நியாயம் சக்கரத்துக்குப் பொருந்தாமல் போனதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

ஆணையத்தின் பரிந்துரைப்படி பார்த்தால் 5 ஆண்டுகளில் 35 கோடி டாலர் வந்திருக்க வேண்டும். 2023-இல் மேய்ன் சட்டமன்றம் ஒதுக்கியது 3 கோடியே 10 லட்சம். கேட்ட தொகையில் ஓர் ஆண்டுப் பங்கின் பாதிகூட இல்லை. மூடவிருந்த சில நிலையங்கள் அதனால் மூச்சுவிட்டுக்கொள்ளலாம். மெடிகேரின் விதியை மாற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை. அது வாஷிங்டனில் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய தேசிய முன்னோட்டம் மூடப்பட்ட பிறகு, அங்கே மறுபடியும் சவாரிக்கு மட்டும்தான் பணம்.